கொல்லைப்புறத்துக் கோடைக் கணக்கு

நாக்பூர் வெயிலைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி 47.9 டிகிரி பதிவான ஊர் இது. நம் பக்கத்தில் மே 28 வாக்கில் அக்னி நட்சத்திரம் முடிந்துவிடும். 'கத்திரி கழிந்தது' என்று பெருமூச்சு விடுவோம். இங்கேயோ அது முடியப்போகிற நேரத்தில்தான், சூரியன் ரோகிணியில் புகும் மே 25ஐ ஒட்டி, 'நவ்தபா' என்கிற ஒன்பது நாள் தொடங்குகிறது. அந்த ஒன்பது நாளும் நன்றாகக் காய்ந்தால்தான் மழை நன்றாகப் பிடிக்கும் என்பது இவ்வட்டாரத்து நம்பிக்கை.

இப்படிப்பட்ட ஊரில் கோழியையும் பழமரத்தையும் வைத்துக்கொண்டு கோடையை எப்படிக் கடத்துகிறீர்கள் என்று சங்கத்தின் பொங்கல் விழாவில் சிலர் என்னைக் கேட்டார்கள். 'கோடை முடிந்ததும் எழுதிக் கொடுங்கள்' என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார். ஆகவே, மார்ச் முதல் ஜூன் முடிய நான்கு மாதக் கணக்கை ஒளிவு மறைவு இல்லாமல் இங்கே தருகிறேன்.

கோடை என்றால் நமக்கு மாம்பழமும் பலாப்பழமும்தான் நினைவுக்கு வரும். எங்கள் கொல்லையைப் பொறுத்தவரை கோடை என்பது கடத்துகிற காலம். மார்ச்சில் இருந்தவற்றில் ஜூனில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பதுதான் முன்னேற்றம். கையிலிருக்கும் தண்ணீரை யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் இருப்பது என்பதைக் கற்றுக்கொள்வது அதற்கு அடுத்த படி. இரண்டாவது பாடம்தான் கடினம்.

இருப்பு விவரம்

ஊர் விளிம்பில் வீடு. பின்புறம் சுமார் 2000 சதுர அடி. அதில் கமலா ஆரஞ்சு இரண்டு, எலுமிச்சை ஒன்று, தசேரி மா ஒன்று, கொய்யா ஒன்று, சீதா ஒன்று, பப்பாளி இரண்டு, முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, ஒரு வாழைக் குத்து. ஆக மொத்தம் 11. கோழிகளில் சேவல் ஒன்று, பெட்டை எட்டு. பெட்டைகளில் மூன்று, கழுத்தில் இறகே இல்லாத சாதி. பார்க்க அழகில்லை என்று எங்கள் வீட்டிற்கு வருகிறவர்கள் சொல்வதுண்டு. ஆனால் உடம்புச் சூட்டை வெளியே விடுவதற்கு அந்த வெறுங்கழுத்துத்தான் அவற்றுக்கு உதவி.

மண் கரிசல். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்து அன்பர்களுக்கு இதன் குணம் தெரியும். மழையில் உப்பிக் குழைந்து காலைப் பிடிக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு மரத்தடியில் விழுந்தால் மெல்லிய வேர்கள் அறுபடும், உள்ளிருக்கும் ஈரமும் அதன் வழியே ஆவியாகும். எனவே மார்ச் முதல் வாரத்திலேயே எல்லா மரத்தடியையும் லேசாகக் கொத்திவிட்டு, காய்ந்த இலையும் சோயாபீன் சக்கையுமாக நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்குப் போட்டோம்.

கோழிக்கு வியர்க்காது

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்பின் இயல்பான சூடே சுமார் 41 டிகிரி. வெளியே 45 ஆகிவிட்டால், வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இறக்கையை உடம்போடு ஒட்டாமல் விரித்துக்கொண்டு, அலகைத் திறந்து கோழி நிற்கக் கண்டால் அது கஷ்டப்படுகிறது என்று பொருள்.

கூண்டைக் கிழக்கு மேற்காக நீளவாட்டில் அமைத்திருப்பதால் காலை, மாலை வெயில் உள்ளே அதிகம் புகுவதில்லை. தகரக் கூரைக்கு மேலே சுண்ணாம்பு அடித்து, அதற்கு மேல் வைக்கோல் பரப்பினோம். மேற்குப் பக்கத்தில் சாக்குப் படுதா கட்டி, காலை 11 மணியிலிருந்து மூன்று முறை நனைத்துவிடுவோம். வீட்டில் ஓடும் கூலரின் தத்துவம்தான் இதுவும். இங்கே மே மாதத்துக் காற்றில் ஈரமே இருக்காது என்பதால் நனைந்த சாக்கு நன்றாகக் குளிர்ச்சி தருகிறது. சென்னைப் புழுக்கத்தில் இந்த வித்தை இவ்வளவு பலிக்காது. இங்கும் ஜூனில் மழை இறங்கியதும் சாக்கை நனைப்பதை நிறுத்திவிட வேண்டும்.

தண்ணீர் மண்சட்டியில் வைக்கிறோம், இரண்டு இடத்தில், நிழலில். சாதாரண நாளில் கால் லிட்டரோடு நிறுத்திக்கொள்ளும் கோழி, இந்த வெயிலில் அரை லிட்டர் வரை குடிக்கும். தீனியைக் காலை ஐந்தரைக்கும் மாலை ஆறு மணிக்குப் பிறகும் மட்டுமே போடுகிறோம். உண்டது செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாகும். நண்பகலில் தீனி போட்டால் வெளிச்சூட்டோடு உட்சூடும் சேர்ந்துகொள்ளும். சோளமும் உடைந்த அரிசியும் அடிப்படை. முருங்கைக் கீரையைக் கிளையோடு கட்டித் தொங்கவிட்டால் கொத்திக்கொண்டே பொழுதைப் போக்கும்.

மார்ச்சில் நாளொன்றுக்கு ஐந்து முட்டை கிடைத்தது. மே நடுவில் இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டும் ஓடு மெலிந்து, விரல் பட்டால் உடைகிற மாதிரி இருந்தன. தீனி குறைவதோடு, வாய் திறந்து மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு கட்டுவதற்கு வேண்டிய சரக்கு இரத்தத்தில் குறைந்துபோகிறது. கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தோம். பாதிப் பலன்தான் தெரிந்தது. மழை வந்த பிறகே ஓடு பழையபடி கெட்டியாயிற்று.

ஏப்ரலுக்குப் பிறகு எந்தக் கோழியையும் அடை வைக்கவில்லை. கோழி உட்காராமலேயே, இந்த வெக்கையில் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிக் கெட்டுவிடும். முட்டையை நாளுக்கு இரண்டு முறை எடுத்துவிடுவதும் அதனால்தான். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கேத் நோய்க்கான தடுப்பூசியைக் கோடை முற்றுவதற்கு முன், பிப்ரவரியிலேயே போட்டு முடித்துவிட்டோம்.

இவ்வளவும் செய்தும் நவ்தபாவின் மூன்றாம் நாள் பிற்பகலில் ஒரு பெட்டையை இழந்தோம். எட்டில் அதுதான் கனத்த உடம்பு, பழுப்பு நிறம், எங்கள் சின்னவளின் செல்லம். நிழலில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் 46 காட்டியது. மூன்று மணிக்கு அது தலையைத் தொங்கவிட்டதைப் பார்த்து, காலையும் வயிற்றுப் பகுதியையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தோம். ஐஸ் தண்ணீர் கூடாது, அதிர்ச்சியிலேயே போய்விடும். அரைமணி நேரம் இருந்தது. பிறகு அடங்கிவிட்டது. கனத்த கோழியைத்தான் வெயில் முதலில் பார்க்கும் என்று பிறகு கால்நடை மருத்துவர் சொன்னார். சின்னவள் அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த ஆண்டு கனத்த சாதி வேண்டாம் என்று அவளே தீர்மானம் போட்டிருக்கிறாள்.

தண்ணீர்ப் பங்கீடு

இந்த ஊரின் குடிநீர் பெரும்பாலும் பெஞ்ச் ஆற்று நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கிறது. 2019 ஜூலையில் அது வறண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திறந்துவிடும் பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் ஆழ்குழாயும் மே மாதத்தில் நாளைக்கு அரைமணி நேரம்தான் பேசும். ஆகவே பங்கீடு.

முதல் உரிமை கோழிக்கு. அடுத்தது வாழை, பப்பாளி, கறிவேப்பிலை. இவற்றுக்குச் சேமிப்பு என்பது இல்லை. நான்கு நாள் விட்டால் போய்விடும். பப்பாளி அருகில் அடியில் ஓட்டையில்லாத, சுட்ட மண்பானையைக் கழுத்து வரை புதைத்து நிரப்பி, மூடி வைத்தோம். பானை மெல்லக் கசிந்து வேருக்கு ஊட்டுகிறது. மேலே ஊற்றுவதில் பாதி வெயிலுக்குத்தான் போகும். பானைத் தண்ணீர் வீணாவதில்லை. காய்ந்துகொண்டிருந்த காய்களுக்குப் பழைய வெள்ளைத் துணியால் முக்காடு போட்டோம். இருந்தும் ஒரு பப்பாளியை மே மாதத்து 'ஆந்தி'க் காற்று இடுப்பில் முறித்துவிட்டது. மாமரத்துக்கு வாரம் ஒருமுறை, காய் பருக்கும் வரை. சீதா தானாகவே இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. பார்க்கிறவர்கள் பட்டுப்போயிற்று என்பார்கள். அது அதன் வழக்கம். மழையோடு தளிர்த்து, தீபாவளிப் பக்கம் பழம் கொடுக்கும்.

அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்கு. கூலர் தொட்டியில் மிஞ்சுகிற தண்ணீரை மட்டும் எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் ஊற்றுவதில்லை. நாள் கணக்கில் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் அதில் திரண்டு நிற்கிறது. எலுமிச்சைக் குடும்பத்துக்கு உப்பு ஆகாது.

தாகத்தில் வைத்த மரம்

இனி கமலா ஆரஞ்சுக் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கோடை முழுதும் நடந்த வழக்கு அதுதான்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்குக் காட்டோல் பக்கம் ஆரஞ்சுத் தோட்டம் உண்டு. இங்கே பெரியவர்களைக் 'காகா' என்றுதான் அழைக்கிறோம். ஊரிலிருந்து வரும் என் மாமியார், மனிதரைப் போய்க் காக்கா என்கிறீர்களே என்று சிரிப்பார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரான காகாவோ, தெற்கத்தியர் எல்லோரையும் அழைப்பதுபோல என்னை 'அண்ணா' என்பார். மரம் நட்டு ஐந்து ஆண்டு வரை, காய்க்கு ஆசைப்படாதே, மரம் திரளட்டும் என்று தடுத்தவர் அவர். இது ஆறாவது ஆண்டு. ஏப்ரல் கடைசியில் வந்து, 'அண்ணா, இனி மழை வரும் வரை இந்த இரண்டு மரத்துக்கும் தண்ணீர் காட்டாதே' என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதர்ப்பாவில் ஆரஞ்சு முக்கியமாக இரண்டு பருவத்தில் பூக்கிறது. மாமரம் பூக்கும் சனவரி, பிப்ரவரியில் பூப்பது 'அம்பியா பஹார்'. அதன் காய் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பழுக்கும். மழை தொடங்கும் ஜூன், ஜூலையில் பூப்பது 'மிருக் பஹார்'. மிருக் என்பது நம் மிருகசீரிடமே. சூரியன் அதில் புகும் ஜூன் 7, 8ஐ ஒட்டி இந்த வட்டாரத்து விவசாயி வானத்தைப் பார்க்கத் தொடங்குவான். அந்தக் காய் பிப்ரவரி, மார்ச்சில் பழுக்கும். அம்பியாவை எடுத்தால் மரம் கோடை முழுதும் காயைச் சுமக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தாராளமாகத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாதவனுக்கு ஏற்றது மிருக்.

பூ தானாக வந்துவிடாது. மண்ணைப் பொறுத்து ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை மரத்தைத் தாகத்தில் வைக்க வேண்டும். இதை இங்கே 'தாண்' என்கிறார்கள். தண்ணீர் நின்றதும் மரம் தளிர் விடுவதை நிறுத்திவிட்டு, தயாரித்த உணவைக் கிளையிலும் வேரிலும் சேர்த்துவைக்கிறது. மழை வந்ததும் அந்தச் சேமிப்பு பூவாக வெளிப்படுகிறது. இடையில் தண்ணீர் ஊற்றினால் இலை தழைக்கும், பூ வராது.

கேட்பதற்கு எளிது. மே இரண்டாம் வாரத்தில் இலை பளபளப்பை இழந்தது. மூன்றாம் வாரத்தில் ஓரம் சுருண்டது. நவ்தபாவில் உதிரத் தொடங்கியது. என் மனைவி வள்ளலார் வாக்கைக் கேட்டு வளர்ந்தவள். காலையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போகும்போதெல்லாம் அந்த மரங்களின் முன் நின்றுவிட்டு வருவாள்.

'என்னங்க, பிள்ளை மாதிரி வளர்த்த மரம். கண்ணெதிரே காயுது. ஒரு குடம் ஊத்தினா குடியா முழுகிப்போகும்?'

பெட்டைக் கோழி போன மறுநாள் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தண்ணீர் இருந்தும் கொடுக்காமல் நிற்பது, இல்லாமல் நிற்பதைவிடச் சங்கடமானது. காகாவை அழைத்துவந்து காட்டினேன். அவர் ஒரு நுனிக் கிளையை ஒடிக்காமல் வளைத்துப் பார்த்தார். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்தது. 'இலை போனால் கவலையில்லை. கிளை காய்ந்தால்தான் கவலை. நுனி காயத் தொடங்கினால் என்னைக் கேட்காமலே ஊற்றிவிடு' என்று எல்லையைக் காட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு என் மனைவி தினமும் நகத்தால் பட்டையைச் சோதிக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். பச்சை தெரிந்த நாளெல்லாம் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஜூன் 8 வந்தது, மேகம் வரவில்லை. ஒரு மாலை பத்து நிமிடத் தூறல். மண்ணில் விரல் நுனி அளவுகூட நனையவில்லை. தாகம் முறிந்திருக்காது என்றார் காகா. 15ஆம் தேதியும் வானம் வெளிறியே இருந்தது. 20ஆம் தேதி வரை பார்ப்பது, அதற்குள் மழை இல்லாவிட்டால் ஆழ்குழாய்த் தண்ணீரை முதலில் கொஞ்சமாகவும் பிறகு கூட்டியும் விடுவது என்று வீட்டில் சமரசமாயிற்று. 18ஆம் தேதி இரவு மழை இறங்கியது. சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு கூண்டுச் சாக்கை அவிழ்த்தோம்.

கோழியும் மரமும் கூட்டாளிகள்

இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதில் ஒரு தொல்லை உண்டு. பார்த்துப் பார்த்துப் போட்ட மூடாக்கைக் கோழி பத்து நிமிடத்தில் கிளறி எறிந்துவிடும். கருவேல முள்ளை மரத்தடியில் வட்டமாகப் பரப்பிய பிறகுதான் அடங்கின. ஆனால் மரத்தில் கரையான் ஏறிய மண் பூச்சைத் தட்டிவிட்டால் போதும், மிச்சத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும். விழுந்த பழத்தையும் புழுவோடு சேர்த்துத் தின்றுவிடும்.

கோழி எருவைக் கோடையில் பச்சையாக மரத்துக்குப் போடக்கூடாது, வேரைச் சுட்டுவிடும். தாகத்தில் வைத்த மரத்துக்கோ எந்த எருவுமே ஆகாது. நான்கு மாத எருவையும் இலைச் சருகோடு குழியில் மக்க வைத்து, மழை பிடித்த பிறகுதான் போட்டோம்.

மழைக்கு முன் செய்த இன்னொரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். கரிசலில் தண்ணீர் தேங்கினால் ஆரஞ்சுக்கு அடித்தண்டு அழுகி, பிசின் வடியும். வெயிலைத் தாண்டிய மரம் மழையில் போவது இந்த வட்டாரத்தில் சகஜம். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, 1 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் போர்டோ பசை கலந்து, தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை தண்டில் பூசினோம். இரும்புப் பாத்திரத்தில் கலக்கக்கூடாது. பிளாஸ்டிக் வாளி நல்லது. பாத்தியையும் இரட்டை வட்டமாக அமைத்தோம். உள்வட்டத்து மண் அணைப்பு, தண்டைத் தண்ணீர் தொடாமல் காக்கும்.

ஜூன் 30 நிலவரம்

மரம் 11இல் 10. கோழி 9இல் 8. முட்டை நாளைக்கு நான்கு. மாம்பழம் 62, அதில் அணிலுக்குப் போனது தனி. எலுமிச்சையைக் கணக்கெடுக்கவில்லை, ஊறுகாய் இரண்டு ஜாடி.

ஆரஞ்சு மரங்களில் ஒன்று, மழை இறங்கிய பத்தாம் நாள் மொட்டு வைத்துவிட்டது. கொல்லைக் கதவைத் திறந்தால் வாசனை. மற்றொன்றில் இதுவரை தளிர்தான்; மொட்டைக் காணோம். அது கூலரின் பக்கம் நிற்கும் மரம். கூலரின் கசிவு வேருக்கு எட்டி, தாகம் முழுமையாகாமல் போயிருக்கலாம் என்பது காகாவின் ஊகம். இந்த மொட்டுகளில் எத்தனை பிஞ்சாகும், எத்தனை மாசி வரை நிற்கும் என்பதை மழை போகும் போக்குத்தான் தீர்மானிக்கும்.

கொல்லையில் ஒரு மரமாவது வைக்க நினைக்கும் அன்பர்களுக்கு இதுவே தருணம். முருங்கைப் போத்து, வாழைக் கன்று, பப்பாளி நாற்று எங்களிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் எடுத்துச் செல்லலாம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு எலுமிச்சை உண்டு. ஆரஞ்சு நடுகிறவர்கள் மட்டும், நல்ல நாற்றங்காலில் ஒட்டுக்கட்டிய கன்றாகப் பார்த்து வாங்குங்கள். கூலருக்குப் பக்கத்தில் நடாதீர்கள். ஆறாவது ஆண்டு மே மாதத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு இப்போதிருந்தே பழகிக்கொள்ளுங்கள்.